டெபியன் கதவைச் சாத்திய கதை

மக்களே, பதிவு கொஞ்சம் நீளமாப் போயிடுச்சு. ஆணி கம்மியா இருக்கற நாளாப் பார்த்துப் படிங்க.

ஓப்பன் சோர்ஸ் உலகத்துல ரொம்ப நாளா முடியாம ஓடிக்கிட்டிருக்கற பஞ்சாயத்து ஒண்ணு இருக்கு. சம்பளம் இல்லாம, ஆர்வத்துல பத்துப் பேர் சேர்ந்து ஒரு மென்பொருளை எழுதிப் பராமரிக்கறாங்க. பதினோராவது ஆள் வந்து "நானும் வரட்டுமா?"ன்னு கேக்கறார். வாங்கன்னு சொன்னா, அவர் எழுதறதை யார் உக்காந்து பார்த்துத் திருத்தறது? வேண்டாம்னு சொன்னா, இந்தப் பத்துப் பேரும் வேலை, கல்யாணம், குழந்தைன்னு ஒவ்வொருத்தரா ஒதுங்கின பிறகு யார் பார்த்துக்கறது?

2020 அக்டோபர்ல இது சந்தி சிரிச்சது. ஹாக்டோபர்ஃபெஸ்ட்னு வருஷா வருஷம் நடக்கற விழா. நாலு திருத்தம் அனுப்பினா டி-ஷர்ட் இலவசம்னு அப்போ விதி இருந்தது. போதாதா? முன்பின் தெரியாத திட்டங்களோட ரீட்மீ கோப்புல "அமேசிங் ப்ராஜெக்ட்"னு ரெண்டு வார்த்தையைச் சேர்த்து மூட்டை மூட்டையா அனுப்பித் தள்ளிட்டாங்க. அதுல நம்ம நாட்டுக் கல்லூரிப் பசங்க பங்கு கணிசம் (பெருமைப்படறதா, தலையைக் குனியறதான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க). பராமரிக்கறவங்களுக்கு அதை ஒவ்வொண்ணா மூடறதே பொழப்பாப் போச்சு. சில நாள்லயே விழா நடத்தின டிஜிட்டல் ஓஷன் விதியை மாத்தி, "நாங்க கலந்துக்கறோம்"னு சொன்ன திட்டங்களுக்கு அனுப்பினாத்தான் கணக்குன்னு அறிவிச்சது. அந்த வாரம் முழுக்க நான் படிச்ச புலம்பல் எல்லாத்துக்கும் சாரம் ஒண்ணுதான்: புதுசா வர்றவனுக்குக் கதவைச் சாத்து.

நிஜமாவே கதவைச் சாத்திப் பார்த்தவங்க இருக்காங்க. அதுக்கும் இருபது வருஷம் முன்னாடியே. டெபியன்காரங்க. அவங்க கதையைத்தான் சொல்லப் போறேன்.

டெபியன் தெரியாதவங்களுக்கு: லினக்ஸ் கெர்னலையும், அதுமேல ஓடற ஆயிரக்கணக்கான மென்பொருள்களையும் தனித்தனிப் பேக்கேஜாக் கட்டி, ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாமப் பார்த்துக் கொடுக்கற இயங்குதளம். உபுண்டு இதோட தோள்மேல ஏறி நிக்கறதுதான். 1993 ஆகஸ்ட் 16-ல் இயன் மர்டாக் என்ற பர்டூ பல்கலைக்கழக மாணவர் அறிவிச்சு ஆரம்பிச்சார். இன்னிக்கு வரைக்கும் இதுக்கு முதலாளின்னு ஒரு கம்பெனி கிடையாது. தன்னார்வலர்கள் தேர்தல் வெச்சுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கறாங்க, அவ்ளோதான்.

ஆரம்பத்துல சேர்றது சுலபம். ஆர்வம் இருக்கா, ஒரு மென்பொருளைப் பேக்கேஜ் பண்ணத் தெரியுமா, வா உள்ளே. 1996 டிசம்பர்ல வந்த 1.2 பதிப்புல 848 பேக்கேஜ், 120 டெவலப்பர். 1998 ஜூலைல 2.0 வந்தப்போ 1500-க்கு மேல பேக்கேஜ், 400-க்கு மேல ஆள். பத்தொன்பது மாசத்துல ஆள் எண்ணிக்கை மூணு மடங்குக்கும் மேல! (பதிப்புகளுக்கு ரெக்ஸ், ஹாம்னு பேர். எல்லாம் டாய் ஸ்டோரி படத்துப் பொம்மைகள். அப்போ தலைவரா இருந்த புரூஸ் பெரன்ஸ் பிக்ஸார்ல வேலை பார்த்தவர்.)

இங்க ஒரு நுணுக்கம் சொல்லணும், இல்லாட்டி இவங்க ஏன் பயந்தாங்கன்னு புரியாது. டெபியன்ல ஒருத்தர் முழு டெவலப்பர் ஆயிட்டா, தன்னோட பேக்கேஜை மட்டுமில்ல, களஞ்சியத்துல இருக்கற எந்தப் பேக்கேஜை வேணும்னாலும் ஏத்தலாம். அடுத்தவர் பேக்கேஜ்ல கை வைக்கக் கூடாதுங்கறது நாகரிகம், சம்பிரதாயம். தொழில்நுட்பத் தடை எதுவும் கிடையாது. பேக்கேஜ் நிறுவறப்ப ஓடற ஸ்கிரிப்ட் ரூட் அதிகாரத்துல ஓடும். அதாவது, முகம் பார்க்காத நானூறு பேர் ஒவ்வொருத்தர் கையிலயும் உலகத்துல டெபியன் ஓடற எல்லா மெஷினோட சாவிக்கொத்தும் இருக்கு. 120 பேர் இருந்தப்போ ஒருத்தரை ஒருத்தர் மடல்ல பேசிப் பழகித் தெரிஞ்சிருக்கும். 400 பேர்னா அது கல்யாண மண்டபம் மாதிரி. பந்தில பக்கத்துல உக்காந்து சாப்பிடறவர் மாப்பிள்ளை வீட்டுக்காரரா, பொண்ணு வீட்டுக்காரரா, இல்ல சும்மா சாப்பாட்டுக்கு வந்தவரான்னு யாருக்கும் தெரியாது.

1999 கடைசில கதவைச் சாத்திட்டாங்க. அப்போ தலைவர் விச்செர்ட் அக்கர்மன். புது டெவலப்பர் சேர்க்கை நிறுத்தம். சேர்க்கற முறையையே புதுசா யோசிச்ச பிறகுதான் திறப்போம். (எனக்கு அப்போ ரெண்டு வயசு. பொட்டி தட்டுற குலத்தொழிலுக்கு இன்னும் வரல.) சும்மா இருந்த நேரத்துல வேலை செய்யறேன்னு வந்தவங்களை, சம்பளமே வாங்காத ஒரு கூட்டம் "இப்ப வராதீங்க"ன்னு சொல்லுச்சு. யோசிச்சுப் பார்த்தா விசித்திரமான சங்கதிதான்.

2000-ல் திறந்தப்போ வாசல்ல ஒரு பெரிய வழிமுறை வந்து உக்காந்திருந்தது. முதல்ல, ஏற்கெனவே உள்ளே இருக்கற ஒருத்தர் உங்களுக்காகப் பரிந்துரை பண்ணணும். பேங்க் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து மாதிரி. அடுத்தது அடையாளம்: உள்ளே இருக்கற ஒருத்தரை நேர்ல பார்த்து, அடையாள அட்டையைக் காட்டி, உங்க ஜிபிஜி சாவில அவர்கிட்ட கையொப்பம் வாங்கணும். அப்புறம் தத்துவமும் நடைமுறையும்: டெபியனோட சமூக ஒப்பந்தம் (1997-ல் ஏத்துக்கிட்டது) என்ன சொல்லுது, இந்த உரிமம் ஏன் கட்டற்ற உரிமம் ஆகாதுன்னு கேள்விகள். அதுக்கப்புறம் செய்முறைத் திறமை. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு தன்னார்வலர் மேலாளரா நியமிக்கப்பட்டு, மடல்ல கேள்வி மேல கேள்வி கேட்டு, பதிலைத் திருத்தி, கடைசியில அறிக்கை எழுதி மேலே அனுப்புவார். எஞ்சினியரிங் படிச்சவங்களுக்கு ஒரே வார்த்தைல சொல்லிடலாம்: வைவா. ஒரே ஒரு வித்தியாசம், நம்ம வைவா பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். இது மாசக்கணக்கு. சிலருக்கு வருஷத்தைத் தாண்டியும் போச்சு.

இதைக் கிண்டல் பண்ணறது சுலபம். நான் முழுசாக் கிண்டல் பண்ண மாட்டேன். ஏன்னா எண்ணிக்கையைப் பாருங்க. 2000 ஆகஸ்ட்ல 2.2 பதிப்பு வந்தப்போ 450-க்கு மேல ஆள். 2002 ஜூலைல 3.0 வந்தப்போ 900-க்கு மேல! கேள்வித்தாளை வெச்சதும் கூட்டம் ஓடிடல, ரெண்டு மடங்காச்சு. பேக்கேஜ் 3900-ல இருந்து 8500-ஐத் தாண்டிச்சு. பரீட்சை கஷ்டமா இருந்தா, பாஸ் பண்ணதுக்கு ஒரு கெத்து வந்துடுது போல. கேள்விகளுக்குப் பதில் தேடித் தேடியே பல பேர் டெபியனைப் பத்தி முழுசாக் கத்துக்கிட்டாங்கங்கறதும் உண்மை. ஒரு ஆள் இன்னொரு ஆளுக்கு மாசக்கணக்கா நேரம் ஒதுக்கி மடல் எழுதறார்னா, அது வெறும் காவல் இல்ல, அதுக்குள்ள பாடமும் இருக்கு.

ஆனா அந்த மேலாளரும் தன்னார்வலர்தானே? அவருக்கும் ஆபீஸ், வீடு எல்லாம் இருக்கே? ஆபீஸ்ல முந்நூறு வரி கோடு ரிவ்யூ பண்ண எனக்கு ஒரு மத்தியானம் போயிடுது, அதுவும் சம்பளம் வாங்கிக்கிட்டு. இவங்க அதை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பண்ணினாங்க. வரிசை நீண்டதுக்குக் காரணம் வர்றவங்களோட தரம் இல்ல. பார்க்கறவங்களோட நேரம்.

இந்த இடத்துல மார்ட்டின் மிக்கல்மைர் பத்திச் சொல்லியாகணும். 2003-ல இருந்து 2005 வரைக்கும் டெபியன் தலைவர். புதியவங்களைச் சேர்க்கற வேலையையும் தரம் பார்க்கற வேலையையும் ரெண்டையும் பக்கத்துல இருந்து பார்த்தவர். பென்ஜமின் மாக்கோ ஹில்லோட சேர்ந்து 2003-ல ஒரு ஆய்வுக்கட்டுரை எழுதினார். தன்னார்வத் திட்டங்கள் தனி ஆளுங்களை நம்பி இருக்கறது தரத்துக்கு என்ன பண்ணுதுங்கறதுதான் விஷயம். எல்லாரும் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தப்ப, இவர் வீட்டுக்குள்ள பார்த்தார்னு சொல்லலாம். டெபியன்ல ஒரு பேக்கேஜுக்கு ஒரு சொந்தக்காரர். அவர் ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாமக் காணாமப் போயிடுவார். சண்டை எல்லாம் ஒண்ணும் இல்ல. புது வேலை, புதுக் குழந்தை, இல்ல சலிப்பு. ராஜினாமா கடிதமா எழுதுவாங்க? பேக்கேஜ் அவர் பேர்லயே இருக்கும். பிழை அறிக்கை குவியும். வேற ஒருத்தர் தொடலாம்னா, அவரோடதாச்சேன்னு தயக்கம். புதுசா ஒருத்தர் திருத்தம் அனுப்பினா, அதைப் பார்க்க வேண்டியவரே ஊர்ல இல்ல.

இப்படிக் காணாமப் போனவங்களைத் தேடறதுக்குன்னே டெபியன்ல ஒரு அணி உண்டு. போர்ல காணாமப் போன வீரர்களுக்குச் சொல்ற அதே எம்ஐஏங்கற பேர்ல. மடல் போடுவாங்க, காத்திருப்பாங்க, திரும்பப் போடுவாங்க, கடைசியில பேக்கேஜை "அனாதை"ன்னு அறிவிப்பாங்க. நிஜமாவே அதுதான் கலைச்சொல். அதே மிக்கல்மைர் கேம்பிரிட்ஜ்ல முனைவர் பட்டமே தன்னார்வத் திட்டங்கள்ல தரத்தை எப்படி மேம்படுத்தறதுங்கறதுலதான் வாங்கினார், 2007-ல்.

என்னைக் கேட்டா, 1999-ல கேட்ட கேள்வியே பாதிதான். உள்ளே வர்றவன் யோக்கியனா, திறமைசாலியான்னு கேட்டாங்க. உள்ளே இருக்கறவருக்கு இன்னும் தெம்பு இருக்கான்னு யாரும் கேக்கல. வைவா ஒரு தடவைதான். பாஸ் பண்ணிட்டா ஆயுசுக்கும் டெவலப்பர்.

2007-ல ஒரு நல்ல காரியம் பண்ணினாங்க. டெபியன் மெயின்டெய்னர்னு ஒரு நடுப்படி. ஓட்டெடுப்பு நடத்தி ஏத்துக்கிட்டாங்க. முழு டெவலப்பர் மாதிரி எல்லாத்தையும் ஏத்த முடியாது. உங்களுக்குன்னு ஒப்படைச்ச பேக்கேஜை மட்டும் நீங்களே ஏத்திக்கலாம். வீட்டுச் சாவி முழுக்கக் கொடுக்காம, மாடி ரூம் சாவியை மட்டும் கொடுக்கற மாதிரி. அதுக்கு முன்னாடி வெளிய இருக்கறவருக்கு ஒரே வழி ஸ்பான்சர்: நீங்க பேக்கேஜைக் கட்டி வெச்சுட்டு, ஒரு டெவலப்பரைப் பிடிச்சு, அவர் சோதிச்சுப் பார்த்துத் தன் கையெழுத்துல ஏத்தணும். ஒவ்வொரு தடவையும். ரெண்டு வருஷமா ஒழுங்கா வேலை பார்த்தவரும் ஒவ்வொரு தடவையும் வாசல்ல நின்னு "அண்ணே, கொஞ்சம் ஏத்திவிடறீங்களா"ன்னு கேக்கணும். இந்த நடுப்படி அவரையும் காப்பாத்துச்சு, அவருக்கு ஏத்திவிட்டுக்கிட்டிருந்த அண்ணனோட நேரத்தையும் காப்பாத்துச்சு. 2010-ல இன்னொரு ஓட்டெடுப்பு. மொழிபெயர்க்கறவங்க, ஆவணம் எழுதறவங்கன்னு பேக்கேஜே கட்டாதவங்களும் முழு உறுப்பினர் ஆகலாம்னு முடிவாச்சு.

நடுவுல, 2008 மே 13. டெபியன் வரலாற்றுலயே மோசமான நாள்கள்ல ஒண்ணு. அவங்க ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜ்ல ஒரு ஓட்டை இருக்குன்னு லூசியானோ பெல்லோ கண்டுபிடிச்சது வெளிய வந்தது. வால்கிரைண்ட்ங்கற சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டுதேன்னு 2006-ல ரெண்டு வரியைக் கமென்ட் ஆக்கியிருந்தாங்க. அதுல ஒரு வரிதான் ரேண்டம் எண்ணுக்கான கலவைக்கு உயிர்நாடி. அது போனதும், சாவி உருவாக்கறதுல மிஞ்சின ஒரே புதிர் ப்ராசஸ் எண் மட்டும். அதிகபட்சம் 32,768 சாத்தியம். ஒரு லேப்டாப் உக்காந்து எல்லாச் சாவியையும் செஞ்சு முடிச்சிடும். கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் டெபியன்லயும் உபுண்டுலயும் உருவாக்கின எஸ்எஸ்எச் சாவிகளைத் தூக்கிப் போட வேண்டியதாச்சு.

பண்ணது யாரோ டி-ஷர்ட்டுக்காக வந்த பையன் இல்ல. உள்ளே இருந்த, அனுபவமுள்ள டெவலப்பர். மாத்தறதுக்கு முன்னாடி ஓப்பன்எஸ்எஸ்எல் டெவலப்பர்கள்கிட்ட பொதுவுல கேட்டும் இருக்கார். அங்க பதில் சொன்னவர், பிழை தேட உதவும்னா எடுத்துடலாம்கற மாதிரி சொல்லிட்டார். அவர் மேல எனக்குக் கோபம் வரல. கேட்டார், பதில் கிடைச்சது, செஞ்சார். மொத்தக் கோடையும் திறந்து வெச்சுப் பக்கத்துல உக்காந்து பார்க்க ரெண்டாவது ஆள் இல்ல. உலகத்துல எந்த வைவாலயும் இது மாட்டியிருக்காது.

இப்போ 2024. எக்ஸ்இசட்னு ஒரு சுருக்குமென்பொருள். கோப்பைச் சின்னதாக்கறது, அவ்ளோதான் வேலை. பல வருஷமா ஒரே ஒருத்தர் தனியாப் பராமரிச்சார். 2021 கடைசில ஜியா டான்ங்கற பேர்ல ஒரு புதுமுகம் திருத்தங்கள் அனுப்ப ஆரம்பிச்சது. பணிவு, பொறுமை, வேலையும் சுத்தம். 2022-ல வேற சில பேர்கள்ல ஆட்கள் வந்து, "வேலை நகரவே மாட்டேங்குதே, வேற ஆளைச் சேர்த்துக்கலாமே"ன்னு அந்தப் பராமரிப்பாளரை நச்சரிச்சாங்க. மனநலப் பிரச்சினை இருக்கு, இது சம்பளமில்லாமப் பொழுதுபோக்காப் பண்ற வேலைன்னு அவர் வெளிப்படையாவே சொல்லிப் பார்த்தார். கடைசில ஜியா டானுக்குப் பொறுப்பு கை மாறிச்சு. 2024 பிப்ரவரில 5.6.0, மார்ச்ல 5.6.1. ரெண்டுலயும் பின்வாசல். சோதனைக் கோப்புக்குள்ள ஒளிச்சு வெச்சு, கிட்ல இல்லாம வெளியீட்டு மூட்டைல மட்டும் இருந்த ஒரு ஸ்கிரிப்ட் வழியா உள்ளே போற மாதிரி.

அதோட குறி டெபியன் மாதிரி வீடுகள்தான். பேக்கேஜைக் கட்டறப்ப, இது டெப் பேக்கேஜா, ஆர்பிஎம் பேக்கேஜான்னு பார்த்துட்டுத்தான் வேலையைக் காட்டும். எஸ்எஸ்எச்சுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடிச் சம்பந்தமே கிடையாது. சிஸ்டம்டி வசதிக்காக டெபியன் மாதிரி விநியோகங்கள் எஸ்எஸ்எச்ல சேர்த்த ஒட்டு வழியாத்தான் அந்த உறவே வந்தது. மார்ச் கடைசி வாரத்துல ஹான்ஸ் ஜான்சன்ங்கற பேர்ல டெபியன்ல ஒரு கோரிக்கை வந்தது. "5.6.1-ஐக் கட்டி வெச்சிருக்கேன், யாராவது ஏத்திவிடுங்களேன்." அதேதான், ஸ்பான்சர் கோரிக்கை! புதுசா வர்றவங்களுக்காக டெபியன் திறந்து வெச்ச அதே சின்னக் கதவு. அந்தப் பேரும் போலின்னுதான் பொதுவா நம்பறாங்க. 5.6.1 டெபியன் அன்ஸ்டேபிளுக்குள்ள வந்துடுச்சு.

"பார்த்தியா, இதுக்குத்தான் அப்பவே கதவைச் சாத்தச் சொன்னோம்"னு நிறையப் பேர் எழுதினாங்க. எனக்கு அப்படித் தோணல. ஜியா டான் டெபியன் வைவாவுக்கு வந்திருந்தா, கேள்வித்தாள்ல முதல் மார்க் வாங்கியிருக்கும். நேர்ல வந்து பாஸ்போர்ட்டைக் காட்டுங்கற ஒரு இடத்துல வேணும்னா தடுமாறியிருக்கும், அதை ஒத்துக்கறேன். ஆனா அது அந்த வாசலுக்கே வரலையே. பக்கத்து வீட்டுல தனியா, களைச்சுப் போய், யாராவது கை கொடுக்க மாட்டாங்களான்னு இருந்த ஒருத்தரைப் பார்த்துப் போச்சு. அவருக்கு அந்த ரெண்டு வருஷத்துல நிஜமான ஆள் ரெண்டு பேர் கூட இருந்திருந்தா, அந்த நச்சரிப்புக்கு வேலையே இருந்திருக்காது. புதியவங்களைக் குறைச்சா இந்த மாதிரி தனிக்கட்டைகள்தான் அதிகமாகும்.

மாட்டின விதம் இருக்கே, அது சினிமா. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், போஸ்ட்கிரெஸ் டெவலப்பர், மைக்ரோசாஃப்ட்ல வேலை. டெபியன் அன்ஸ்டேபிள் மெஷின்ல போஸ்ட்கிரெஸ் வேகத்தை அளந்துக்கிட்டிருந்தார். எஸ்எஸ்எச் உள்நுழைவு சுமார் அரை நொடி கூடுதலா எடுக்குதேன்னு தோணியிருக்கு. அரை நொடி! நாமளா இருந்தா நெட்வொர்க்கைத் திட்டிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். அவர் தோண்டினார். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வால்கிரைண்ட் விநோதமா ஒரு முறையீடு காட்டினதும் அவருக்கு ஞாபகம் வந்தது. ஆமா, அதே வால்கிரைண்ட்தான். 2006-ல அது காட்டின எச்சரிக்கையை அடக்கப் போய் ஓட்டை விழுந்தது. 2024-ல அது காட்டினதை விடாம ஒருத்தர் தொடர்ந்ததுல ஓட்டை தெரிஞ்சது. மார்ச் 29 அன்னிக்கு எல்லாத்தையும் எழுதிப் பொதுவுல போட்டுட்டார். டெபியனோட ஸ்டேபிள் பதிப்புக்கு அது போய்ச் சேரல, தப்பிச்சோம்.

டெபியன்ல உடனே பழைய 5.4.5-க்குத் திரும்பிட்டாங்க. ஆனா பேக்கேஜ் எண் பின்னாடி போகக் கூடாது, போனா யார் மெஷின்லயும் தானா மாறாது. அதனால அவங்க வழக்கமா வைக்கற மாதிரியே ஒரு பேர் வெச்சாங்க: 5.6.1+ரியலி5.4.5. "பார்க்க 5.6.1, நிஜத்துல 5.4.5"னு அர்த்தம் :-)